ஆய்வுக் கட்டுரை அச்சேறும் வரை

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தடித்த அட்டை போட்டுத் துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "இதிலிருந்து ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பலாமே" என்று மேற்பார்வையாளர் சொல்லும்போதுதான் அடுத்த ஓட்டம் தொடங்குகிறது.

கட்டுரையை முதலில் பார்ப்பவர் இதழாசிரியர். இதழுக்குப் பொருந்தாவிட்டால் அவரே திருப்பிவிடுவார். பொருந்தினால், அதே துறையில் உழைக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். இவர்களே மதிப்பாய்வாளர்கள். பெரும்பாலும் ஊதியம் இல்லை. அவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அதே கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பக் கூடாது.

முகம் தெரியாத ஒருவர் நம் கட்டுரையில் கைவைப்பதா என்று கோபம் வருகிறதா? ஐன்ஸ்டைனுக்கே வந்தது. 1936இல் அவரும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை ஒரு மதிப்பாய்வாளருக்குக் காட்ட, அவர் பிழையைச் சுட்டிப் பத்துப் பக்கம் எழுதினார். அச்சேறும் முன் பிறரிடம் காட்ட அனுமதி தரவில்லையே என்று சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் 1937இல் வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. அந்த மதிப்பாய்வாளர் ராபர்ட்சன் என்பது 2005இல்தான் உறுதியாக வெளியே தெரிந்தது. ஈர்ப்பலைகளோ 2015இல் நேரடியாகவே பதிவாகிவிட்டன!

என் முதல் கட்டுரைக்கு மூன்று பக்கக் கண்டனம் வந்தது. அந்த மின்னஞ்சலை ஒரு வாரம் நான் மறுபடி திறக்கவே இல்லை. ஓர் அளவீட்டை ஒரே முறை செய்து வரைபடம் போட்டிருந்தேன். இரண்டாம் மதிப்பாய்வாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று முறை செய்து பார்த்தபோது, நான் பெருமையாக எழுதிய வேறுபாடு பாதியாகச் சுருங்கியது. அவர் விட்டிருந்தால் அந்தப் பொய் என் பெயரோடு நின்றிருக்கும்.

பதில் எழுதும்போது ஒவ்வொரு கருத்துக்கும் எண் இட்டு, என்ன மாற்றினோம், எந்த வரியில் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் சான்றோடு மறுக்கலாம், அது தவறில்லை.

"ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள்" என்று வரும் மின்னஞ்சல்களிடம் மட்டும் எச்சரிக்கை. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நல்ல இதழ்களிலும் கட்டணம் வாங்குபவை உண்டு. ஆகவே கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இதழில் வந்த நாலைந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு, மேற்பார்வையாளரிடமோ நூலகரிடமோ கேட்ட பிறகே அனுப்புங்கள்.