வேன் ஏறும் முன் ஒரு வருடம்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் விஸ்வநத்தம் போன்ற ஊர்களின் காலனித் தெருக்களில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே கேட்கும். எத்தனை மார்க் என்பது ஒன்று. எந்த ஆலைக்கு வேன் ஏறப் போகிறாய் என்பது மற்றொன்று. ஒரு பாடத்தில் தவறிய பையனுக்கு இரண்டாவது கேள்வி மட்டும்தான் மிச்சம். சிவகாசியைச் சுற்றி பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று கூலி வேலைக்குக் குறைவில்லை. வீட்டில் அம்மா ஆலையில் வாங்கிய முன்பணம் கழியாமல் இருந்தால், பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மறு தேர்வு எழுதலாம் என்ற பேச்சு தீபாவளி வரை தள்ளிப் போகும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழாது.

பள்ளியிலிருந்து நழுவிய இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவானதுதான் சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி இதற்கு முன்னோடி. உள்ளூர் மக்களுக்கு, குறைந்த செலவில், உள்ளூர் வேலைக்கு ஏற்ற படிப்பு என்பது அதன் ஏற்பாடு. நம் பக்கத்தில் புதுச்சேரியில் 1995-லும் சென்னையில் 1996-லும் இந்த முயற்சி வேர்விட்டது. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தவர். 2002-ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித் திட்டம் கொண்டுவந்தது.

பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு. தையல், கணினி, அச்சுக்கோப்பு, கேட்டரிங், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பராமரிப்பு, மருத்துவமனை உதவியாளர், மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று பட்டியல் நீளும். பாதி நாள் வகுப்பு, சில மாதம் தொழிற்கூடத்திலோ நிறுவனத்திலோ நேரடிப் பயிற்சி. இவற்றோடு வாழ்க்கைத் திறன், பேச்சுத் திறன் என்று தனிப் பாடங்களும் உண்டு. இந்தப் பாடங்களை நாமும் ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் பார்த்தோம். வங்கியில் செல்லான் நிரப்பத் தயங்கி வாசலிலேயே நிற்கும் பிள்ளைகளையும், மேலாளர் பெயர் கேட்டால் தலை குனிகிற பிள்ளைகளையும் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்து பேசக் கூடாது என்று பழக்கப்பட்ட தெருவில், நிமிர்ந்து பேசுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான்.

ஆனால் நமக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்கல்வி என்ற சொல் தமிழ்நாட்டில் சும்மா வந்து போகும் சொல் அல்ல. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த, பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். மறு ஆண்டே அதைக் கைவிட்ட முதல்வர் நம் விருதுநகர்க்காரர். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்க மாட்டோம் என்று மாநில அரசு 2024-ல் சொன்னதற்குப் பின்னாலும் அதே நினைவு இருக்கிறது. ஆகவே துண்டுப் பிரசுரம் கையில் வந்ததும் நாம் பார்க்க வேண்டியது, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்பதை. காலனிப் பெண்ணுக்குத் தையலும் வீட்டுச் செவிலிப் பணியும், மேலத்தெருப் பையனுக்குப் பொறியியலும் என்று பிரிந்தால் அதுவும் குலக்கல்வியின் இன்னொரு உருவமே. தையல் குறைந்த தொழில் அல்ல. அதற்கு மேலே போக வழி இல்லாமல் அடைத்து வைப்பதுதான் குறை.

மேலே போகும் வழி இருக்கிறதா என்பதுதான் உரைகல். பல்கலைக்கழக மானியக் குழுவின் பி.வோக் முறையில் வழி இருக்கிறது. முதல் ஆண்டு முடித்தால் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டில் உயர் டிப்ளமோ, மூன்றாம் ஆண்டில் பட்டம். ஆண்டுக்கு 60 மதிப்பலகில் 36 தொழில் பாடத்துக்கும் 24 பொதுப் பாடத்துக்கும். இடையில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும். எல்லாச் சமுதாயக் கல்லூரிச் சான்றிதழுக்கும் இந்த ஏணி கிடையாது.

மருத்துவமனை உதவியாளர் படிப்பையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடுப்பு போட்டதும் நர்ஸ் ஆகிவிட்டதாகவே வீட்டில் நினைப்பார்கள். செவிலியர் மன்றத்தில் பதிவு பெற துணைச் செவிலியர் படிப்போ, மூன்றாண்டுச் செவிலியர் டிப்ளமோவோ, பட்டமோ வேண்டும். ஒரு வருடச் சான்றிதழோடு அரசு மருத்துவமனையில் செவிலியராக முடியாது. தனியார் மருத்துவமனையில் உதவியாளர் வேலை கிடைக்கலாம், சம்பளம் அதற்குத் தக்கபடிதான். மழலையர் பயிற்சியும் அப்படியே. அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர் பணிக்கு அது போதாது, தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் கேட்பார்கள். தெரிந்து சேர்ந்தால் தவறில்லை. தெரியாமல் சேர்ந்து ஒரு வருடத்தையும் கட்டணத்தையும் இழப்பதுதான் நம் தெருக்களில் நடக்கிறது.

பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்பது இன்னொரு பொறி. பள்ளிப் படிப்பு இரண்டையும் முடித்த பிறகு பெற்ற பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009 ஆகஸ்டில் வந்த 107-ம் எண் அரசாணை சொல்கிறது. எனவே பிளஸ் டூவில் தவறிய தம்பி, தொழில் படிப்பில் சேர்ந்தாலும் தனித்தேர்வராக அந்தப் பாடத்தை எழுதி முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே வருடத்தில் செய்யலாம்.

நம் ஊருக்கு எந்தப் பாடம் பொருந்தும்? அச்சகத் தொழில் கண்ணெதிரே இருக்கிறது. காலண்டர் பைண்டிங்கில் கூலிக்கு நிற்பவனுக்கும் ஆப்செட் எந்திரத்தை இயக்கத் தெரிந்தவனுக்கும், கணினியில் வடிவமைப்பவனுக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பட்டாசுத் துறையிலும் படித்த கை தேவைப்படுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. சரம் பின்ன மட்டுமே தெரிந்த கைகளுக்கு அன்றோடு வேலை போனது. பசுமைப் பட்டாசுக்கு வேறு கலவை, வேறு அளவு. அந்தக் கலவையின் வேதியியல் தெரிந்தவர்கள் நம் தெருவிலிருந்து எத்தனை பேர்?

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ 40 பேரும், அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் 20-க்கும் மேற்பட்டோரும் கருகினார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் போர்மேன் கைது என்று செய்தி வருகிறது. மருந்து உலர்த்தும் முறை, ஓர் அறைக்கு எத்தனை பேர், உராய்வு எப்படித் தீயாகிறது என்பதைக் கூலிக்காரரே படித்திருந்தால், ஆபத்தான அறைக்குள் போக மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமாவது கையில் இருக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்பை ஒரு பாடமாக வைக்காத எந்தச் சமுதாயக் கல்லூரியும் சிவகாசிப் பகுதிக்குப் பாதி பயன்தான்.

வகுப்பு நேரமும் முக்கியம். அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று வகுப்புகளைக் காலையிலேயே வைத்தார். இங்கே பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பிள்ளை பகல் வகுப்புக்கு வர வேண்டும் என்றால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் பயிற்சியை நெருக்கி நடத்தலாம். மாலை வகுப்பும் நடத்தலாம். இதைக் கேட்டுப் பெறுவது கிராமத்துப் பெற்றோர் கையில் இருக்கிறது, தனியாகக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்றாலும்.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. அங்கீகாரம் பெற்ற படிப்பானால், பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிட மாணவருக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்து நேரடியாகக் கல்லூரி செல்லும் பெண்களுக்குக் கிடைக்கும். திறந்தநிலை, தொலைதூரப் படிப்புகளுக்குக் கிடைக்காது. ஆகவே சேரும் கல்லூரி எதன் கீழ் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் ஜூன் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நாளில் சர்வர் வேலை செய்யாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் அசலைச் சரிபார்க்கக் காட்டலாம். உயர்கல்வி நிறுவனங்கள் அசலைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.