அலையாத்திப் பூஞ்சையும் வெள்ளி நானோத்துகள்களும்

உயிரிவழி நானோத்துகள் ஆக்கம் என்பது நுண்ணுயிர்கள் அல்லது தாவரச் சாறுகளின் துணையால் உலோக அயனிகளை 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களாக மாற்றும் முறையாகும். இராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு, கடலூர் மாவட்டம் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளின் சேற்றில் பலவகைப் பூஞ்சைகள் வாழ்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலையாத்திச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பெனிசிலியம் ஃபெல்லுட்டானம் என்னும் பூஞ்சையால் வெள்ளி நானோத்துகள்களை உருவாக்கி, முடிவுகளை 2009 இல் வெளியிட்டனர்.

பூஞ்சை வளர்ந்த நீர்மத்துடன் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், வெள்ளி அயனிகள் எலக்ட்ரான் பெற்றுத் துகள்களாகத் திரள்கின்றன. கரைசல் பழுப்பாவது இதன் அறிகுறி. துகள்களின் வடிவத்தையும் அளவையும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டும்.

இம்முறைக்கு நச்சுத்தன்மையுள்ள வேதி ஒடுக்கிகள் தேவையில்லை. எனினும் வெள்ளித் துகள்கள் நுண்ணுயிர்களைக் கொல்லக்கூடியவை. அவை கழிவாகக் கழிமுகத்தில் கலந்தால், அவற்றை ஆக்கித் தந்த சேற்று உயிர்களுக்கே கேடாகும்.