தோளும் முழங்காலும்: வெளிநாட்டுத் தேவாலயங்களுக்கு எதை உடுத்திப் போவது?

திருச்செந்தூர் முருகன் கோயிலில் மூலவரைத் தரிசிக்கப் போகும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் அப்படித்தான். வெற்று மார்பு அங்கே பணிவின் அடையாளம். அதே மனிதர் ரோமுக்குப் போய், கையில்லாத பனியனோடு வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தின் வாசலில் நின்றால் காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். தோள் மூடியிருக்க வேண்டும், முழங்கால் மூடியிருக்க வேண்டும், ஆணின் தலையில் தொப்பி இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. உடம்பு ஒன்றுதான். அதை எப்படி வைத்துக்கொண்டால் வணக்கம், எப்படி வைத்துக்கொண்டால் அலட்சியம் என்பதை ஒவ்வொரு வழிபாட்டு மரபும் தனக்குத் தானே வகுத்துக்கொண்டிருக்கிறது. ‘நான் எப்போதும் கௌரவமாகத்தானே உடுத்துகிறேன், எனக்கென்ன’ என்று பெட்டி கட்டுகிறவர்களும் வாசலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் கௌரவமான உடை என்று ஒன்று கிடையாது. போகிற இடத்தில் இன்று வழிபாடு நடக்கிறதா, எந்த மரபில் நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உடுத்த வேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்த மரபுகள் ஒன்றுக்கொன்று எதிராகப் போவதைப் பாருங்கள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில், செபிக்கும்போது ஆண் தலையைத் திறந்திருக்க வேண்டும், பெண் மூடியிருக்க வேண்டும் என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை 1917-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு இதை விதியாகவே எழுதி வைத்தது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பெண்கள் பூசைக்குப் போகும்போது முக்காடு போட்டுக்கொள்ளும் வழக்கத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் முக்காடு விதி இல்லை. அதனால் ரோமிலோ பாரிஸிலோ பெண்கள் தலையை மூட வேண்டிய அவசியம் இன்று கிடையாது. ஆனால் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போனால், ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் முக்காடு இன்னும் உயிரோடு இருக்கிறது. வாசலிலேயே ஒரு கூடையில் துணிகளை வைத்திருப்பார்கள். கிரேக்க நாட்டில் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் நிற்கும் மெட்டெயோரா மடங்களில் பெண்கள் பேன்ட் அணிந்து வந்தால், அதன்மேல் சுற்றிக்கொள்ள ஒரு நீளப் பாவாடை கொடுப்பார்கள். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. எத்தியோப்பியாவில் பாறையைக் குடைந்து செதுக்கிய லாலிபெலாவின் 11 தேவாலயங்களில் ஆண், பெண் எல்லாருமே செருப்பைக் கழற்ற வேண்டும். நமக்கு இது பழகிய மரியாதை. ஆனால் மிலானிலோ கொலோனிலோ பேராலய வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் யாரும் அதை பக்தி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குழம்பித்தான் போவார்கள்.

வழிபாடு நடக்கிறதா என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவைவிடத் தெளிவான சான்று இல்லை. 537-இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டது, 1453-இல் பள்ளிவாசலானது, 1930-களில் அருங்காட்சியகமானது. அருங்காட்சியகமாக இருந்த காலத்தில் சுற்றுலாப் பயணிகள் காலில் செருப்போடும் திறந்த தலையோடும் நடந்தார்கள், அதில் தவறும் இல்லை. 2020 ஜூலையில் அங்கே மறுபடி தொழுகை தொடங்கியது. அன்றிலிருந்து பெண்கள் தலையை மூடுகிறார்கள், தொழும் இடத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். அந்த மாற்றம் சரியா என்பது தனி விவாதம். அதே கல்தான், அதே குவிமாடம்தான், அதன் கீழே மனிதர்கள் செய்யும் காரியம் மாறியதும் உடை விதி மாறிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கசான் பேராலயமும் இப்படித்தான். சோவியத் ஆட்சி 1932-இல் அதை மதம், நாத்திகம் ஆகியவற்றின் வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றியது. இன்று அங்கே மெழுகுவர்த்திகள் எரிகின்றன, தலையில் துணியோடு பெண்கள் வரிசையில் நின்று கசான் மாதாவின் திருவுருவத்தை முத்தமிடுகிறார்கள். மாஸ்கோவின் வண்ணக் குவிமாடங்களால் பெயர்பெற்ற புனித பசில் பேராலயமோ இன்றும் அருங்காட்சியகமாகவே நடத்தப்படுகிறது. பாரிஸில் செயின்ட் சாப்பெல் அரசு பராமரிக்கும் நினைவுச் சின்னம். சில நிமிட நடையில் இருக்கும் நோத்ர தாம், கட்டடம் அரசின் சொத்தானாலும், தினமும் திருப்பலி நடக்கும் பேராலயம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது வழிபாடும் அங்கே மறுபடி தொடங்கியது.

‘காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன், என் இஷ்டப்படி உடுத்தக் கூடாதா?’ என்று சிலர் கேட்பதுண்டு. ரோமின் பாந்தியனை எடுத்துக்கொள்வோம். பழைய ரோமானியக் கோயிலான அது 609-இலிருந்து கிறிஸ்தவத் தேவாலயம். 2023 ஜூலையில் அங்கே 5 யூரோ கட்டணம் வந்தது. வசூலில் 70 சதவீதம் பண்பாட்டு அமைச்சகத்துக்கு, 30 சதவீதம் ரோம் மறைமாவட்டத்துக்கு. திருப்பலிக்கு வருகிறவருக்குக் கட்டணம் இல்லை. இந்த ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது. டிக்கெட் வாங்குகிறவர் பார்க்கும் உரிமையை வாங்குகிறார், செபிக்க வந்தவருக்கு அந்த இடம் எதுவாக இருக்கிறதோ அதை மாற்றும் உரிமையை வாங்கவில்லை. புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையவோ கட்டணமே கிடையாது, அங்கே இந்த வாதமும் எழாது.

‘கடவுள் மனதைத்தானே பார்க்கிறார்’ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் உடை விதி கடவுளுக்காக மட்டும் இருப்பதல்ல. பக்கத்தில் மண்டியிட்டு, இறந்துபோன தாய்க்காக மெழுகுவர்த்தி ஏற்றும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நம் மனம் தெரியாது, கடற்கரை உடைதான் தெரியும். துக்க வீட்டுக்குப் போகும்போது பளபளப்பான பட்டைத் தவிர்க்கிறோம். இறந்தவர் அதைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் தவிர்க்கிறோம்.

பெண்கள்மேல்தான் இந்த விதிகளின் பாரம் கூடுதலாக விழுகிறது என்ற விமர்சனத்தை மறுக்க முடியாது. பவுலின் முக்காட்டு வாதமே ஆணைப் பெண்ணுக்குத் தலைவனாக வைத்துத்தான் தொடங்குகிறது. மெட்டெயோராவில் ஆண் பேன்ட்டோடு போகலாம், பெண் போக முடியாது. கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலை மடங்களுக்குள் எந்த உடை உடுத்தினாலும் பெண்களுக்கு அனுமதியே இல்லை; அதை உடைக் கட்டுப்பாடு என்ற பெயரில் நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. ஆனால் தலையை மூடச் சொன்ன கத்தோலிக்க விதி எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். அது வழிபடும் சமூகத்துக்குள்ளேயே தளர்ந்து, பிறகு சட்டத்திலிருந்தும் போனது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகும் விருந்தினர் வாசலில் சண்டை போட்டு அதை மாற்றவில்லை. விதி மனசாட்சிக்கு ஒவ்வாவிட்டால் உள்ளே போகாமல் இருக்கலாம், அதுவும் ஒரு நேர்மையான நிலைதான். வாசலில் நிற்கும் காவலருக்கும் ஒரு கடமை உண்டு. பெண்ணின் தோளைக் கவனிக்கும் அதே கண், ஆணின் முழங்காலையும் கவனிக்க வேண்டும்.

வெயில் ஒரு நிஜமான சிரமம். ஜூலை, ஆகஸ்டில் ரோமின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், மணிக்கணக்கில் திறந்தவெளியில் வரிசை நிற்கும். இதற்கு ஐரோப்பியர்களைவிட நம்மிடம் நல்ல மருந்து இருக்கிறது: மெல்லிய பருத்தி. உடம்பை மூடிக்கொண்டே வெயிலில் நடமாடுவது நமக்குப் புதிதல்ல. தளர்வான பருத்திப் பேன்ட், அரைக்கை சட்டை போட்ட ஆண் ஏறக்குறைய எங்கும் நுழையலாம், தொப்பியை மட்டும் வாசலில் எடுத்துவிட வேண்டும். தலைப்பாகையைத் தொப்பியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா, மத நம்பிக்கைக்காகவோ உடல்நலத்துக்காகவோ தலையை மூடுகிறவர்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. அந்த ஆலயம் உடை நீளத்திலும் தாராளம்தான், தொடையின் நடுப்பகுதி வரை வரும் ஷார்ட்ஸையும் ஏற்கிறது. ஆனால் தோள் மூடியிருக்க வேண்டும், முதுகும் இடுப்பும் திறந்திருக்கக் கூடாது. புடவை கட்டுகிற நம் பெண்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நீளத்தில் புடவையை யாரும் குறை சொல்ல முடியாது. இடுப்பு தெரியாமல் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கை வைத்த ரவிக்கையாகப் போட்டுக்கொண்டால் போதும். ஆர்த்தடாக்ஸ் நாடுகளில் அதே முந்தானை முக்காடாகவும் ஆகிவிடும். சுடிதார் போடுகிறவர்களுக்குத் துப்பட்டா அந்த வேலையைச் செய்யும், மடங்களில் மட்டும் மேலே ஒரு பாவாடையைச் சுற்றிக்கொள்ளச் சொல்லலாம். மற்றவர்கள் பையில் ஒரு பருத்தித் துண்டோ சால்வையோ வைத்துக்கொண்டால் ரோமில் தோளுக்கும் கசான் பேராலயத்தில் தலைக்கும் அது ஒன்றே ஆகும். லாலிபெலா போகிறவர்கள் தடித்த காலுறை ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பாறைத் தரை காலையில் நன்றாகவே குளிரும்.