பிரேக் மிதி உணர்த்தும் குறைகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தி செய்யப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார், இன்றும் ஆர்வலர் பலரால் பேணப்பட்டு வருகின்றது. அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. தொடக்ககால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் திரவம் ஒரே சுற்றில் செல்வதால், ஓரிடத்தில் குழாய் உடைந்தாலும் நான்கு பிரேக்குகளும் செயலிழக்கும். ஆதலின், மிதியின் தன்மை மாறியது தெரிந்தவுடன் வண்டியை நிறுத்தி வைத்தே ஆராய்தல் வேண்டும்.

மிதி தாழ்ந்ததும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிடுவது பலரிடமுள்ள பழக்கம். பெரும்பாலும் அது வீண் வேலை. முதல் மிதிப்பில் வெகுவாக இறங்கி, உடனே மறுமுறை மிதிக்கையில் உயர்ந்து கெட்டியாக நிற்குமாயின், பின்சக்கர டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்துக. பின்தகட்டிலுள்ள சதுரத்தலைத் திருகைச் சக்கரம் சுழலாது நிற்கும்வரை முறுக்கி, அது தடையின்றிச் சுழலுமளவு மட்டும் திரும்பத் தளர்த்தினால் போதும்.

பலமுறை மிதித்த பின்னும் பஞ்சுபோன்ற நெகிழ்ச்சி நீங்காவிடில், குழாய்களில் காற்று புகுந்துள்ளது. ஊசிமருந்துக் குழலில் நீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து அழுத்தினால் தண்டு நகராது. சிறு காற்றுக்குமிழி இருப்பின் நகரும். இதனை வகுப்பிலேயே காட்டலாம்.

மிகவும் ஏமாற்றுவது மூன்றாம் வகை. மிதி முதலில் கெட்டியாக நிற்கும். ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் காலை வைத்திருந்தாலோ மெல்லத் தரையை நோக்கி இறங்கும். விட்டுவிட்டு மிதிக்கும் ஓட்டுநருக்கு இது புலப்படாது. திரவக் கலத்தின் மட்டமும் குறைந்து வருமாயின் கசிவு வெளியே உள்ளது. சக்கரங்களின் உட்புறத்தையும், மிதியோடு இணைந்த தண்டையும் பார்க்க வேண்டும். கிளைகால் கலந்த இத்திரவம் வண்ணப்பூச்சை அரிக்குமாதலால், மிதிப்பெட்டியில் பூச்சு உரிந்திருத்தல் நல்ல தடயம். மட்டம் குறையாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் அடைப்பு தேய்ந்து, திரவம் உள்ளுக்குள்ளேயே பின்னோக்கி நழுவுகின்றது. அப்போதுதான் அதனைக் கழற்ற வேண்டும்.

நிறுத்திய வண்டியில் சோதிக்கையில் குறையே தென்படாமல், நீண்ட மலையிறக்கத்தில் மட்டும் மிதி தாழ்வதும் உண்டு. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 தரத் திரவம் புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கலாகாது. ஈரம் ஏறியதற்கோ தர எல்லை 155 டிகிரியே. கொதித்தெழும் ஆவி காற்றைப் போலவே அமுங்கும். ஆறியபின் மிதி பழைய நிலைக்கு வந்துவிடும். அத்தகைய வண்டியில் பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியது நிரப்புக.