மின்னஞ்சலும் கறுப்புப் பட்டியலும்

மும்பை, தாராவியில் தோற்பைகள் செய்து விற்கும் சிறு வணிகர் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்ட விலை விவரத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறார் எனக் கொள்வோம். சில நிமிடங்களில் ‘550’ என்ற எண்ணுடன் ஆங்கிலக் குறிப்பொன்று திரும்பி வருகிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் கழிந்தபின் வேறொருவருக்கு ஆர்டர் போய்விடுகிறது. கடிதத்தில் பிழை ஏதுமில்லை. அது புறப்பட்ட சர்வரின் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் வாயிலிலேயே மறுக்கப்பட்டது.

இத்தகைய பட்டியல்கள் தோன்றியதற்குக் காரணம் வேண்டாத விளம்பர அஞ்சல்களே. 1978இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரம் அனுப்பப்பட்டது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அவ்வாண்டுகளில் உலகெங்கும் இணையம் பரவப் பரவ இத்தொல்லையும் பெருகிற்று. 1997இல் பால் விக்ஸி முதலியோர் தொல்லை தரும் முகவரிகளின் பட்டியலை அமைத்தனர். 1998இல் ஸ்பாம்ஹாஸ் நிறுவனம் தோன்றியது.

பட்டியல் செயற்படும் முறை எளியது. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து கடிதம் வந்தால், பெறும் சர்வர் அவ்வெண்களை 25.2.0.192 எனத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரோடு சேர்த்து டி.என்.எஸ். வழியே வினவும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் முகவரி பட்டியலில் உள்ளது. விடை இல்லையெனில் அது பட்டியலில் இல்லை. ஆயினும், ஸ்பாம்ஹாஸ் தரும் 127.255.255.254 என்ற விடை, வினவிய வழி ஏற்கத்தக்கதன்று என்பதையே குறிக்கும். அதைக் குற்றச்சாட்டாகக் கொள்ளலாகாது.

குற்றமற்றவரும் பட்டியலில் அகப்படுவது எங்ஙனம்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பல சிறு நிறுவனங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றின் கடவுச்சொல் களவு போனால், திருடன் அதன் வழியே ஆயிரக்கணக்கான விளம்பரங்களை அனுப்பிவிடுவான். முகவரி பொதுவாதலின் ஏனையோர் கடிதங்களும் தடைப்படும். கிருமி புகுந்த கணிப்பொறியும், விலைக்கு வாங்கிய பழைய முகவரித் தொகுப்பும் இத்தீங்கை விளைவிக்கும்.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. திரும்பி வரும் மறுப்புக் குறிப்பைத் தவறாது வாசிக்க வேண்டும். பட்டியலின் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சர்வரின் முகவரியை நாள்தோறும் தானியங்கி முறையில் முக்கியப் பட்டியல்களில் சோதிக்க வேண்டும். பெயர் காணப்பட்டால், உடனே நீக்கக் கோருதல் முறையன்று. முதலில் கடவுச்சொற்களை மாற்றி, கிருமியை அகற்றி, பழைய முகவரிகளைக் களைந்து, அதன்பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். காரணம் நீங்காவிடில் பெயர் மீண்டும் ஏறும். ஸ்பாம்ஹாஸ் பெயர் நீக்கத்திற்குக் கட்டணம் பெறுவதில்லை. ஆகவே அதன் பெயரால் பணம் கேட்போரை நம்பலாகாது.

பட்டியலில் பெயரில்லாமை மட்டும் போதாது. 2024 பிப்ரவரி முதல் கூகுள் நிறுவனம், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று சான்றுகளையும் அமைக்க வேண்டுமென விதித்துள்ளது.

களப்பணியாளர் தம் வட்டாரச் சிறு தொழிலாளர்க்குக் கற்பிக்கத்தக்க முதற்பாடம் ஒன்றுண்டு: மறுமொழி வராதபோது, வாடிக்கையாளரை ஐயுறுமுன் தம் கடிதம் சென்று சேர்ந்ததா என்று அறிந்துகொள்க என்பதே அது.