ஜெனோவாவை விழுங்கிய முடியரசு

இத்தாலியின் வடமேற்கில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஜெனோவா, அவ்வப்போது மிலானுக்கும் பிரான்சுக்கும் அடங்கியிருந்ததைத் தவிர்த்துப் பார்த்தால், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தன்னைத்தானே ஆண்டுகொண்ட நகரம். வெனிஸ், பைசா ஆகியவற்றைப் போல இதுவும் கடல்சார் குடியரசு, அதாவது கப்பலையும் வணிகத்தையும் நம்பி வாழ்ந்த, மன்னரில்லா நகர அரசு. டோஜ் எனப்பட்ட அதன் தலைவர் 1528க்குப் பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் தேர்ந்தெடுக்கும் உரிமை பதிவேட்டில் பெயர் ஏறிய பிரபுக் குடும்பங்களுக்கே இருந்ததால், இதை மக்களாட்சி என்று மயங்குவதற்கில்லை.

அரசைவிட வலுவாக இருந்தது சான் ஜார்ஜோ நிறுவனம். அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி 1407இல் அமைத்த இது, கடனுக்கு ஈடாகச் சுங்கத்தையும் வரிகளையும் தானே வசூலித்தது; 1453இல் கார்சிகா தீவின் ஆட்சியே இதன் கைக்கு வந்தது. கடன் கொடுத்தவரே நாடாளும் இந்த ஏற்பாட்டில் கருவூலம் மெலிந்தது, குடும்பங்கள் கொழுத்தன. பின்னர் குடியரசின் நேரடி ஆட்சிக்குத் திரும்பிய கார்சிகாவின் கிளர்ச்சிகளை அடக்க இயலாமல், 1768இல் அத்தீவைப் பிரான்சிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1797இல் நெப்போலியனின் அழுத்தத்தில் பழைய குடியரசு வீழ்ந்தது. 1805இல் நகரம் பிரெஞ்சுப் பேரரசோடு இணைக்கப்பட்டு, சான் ஜார்ஜோவும் மூடப்பட்டது.

1814 ஏப்ரலில் ஜெனோவாவைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி வில்லியம் பென்டிங்க், குடியரசு மீட்கப்பட்டதாக அறிவித்தார். வேலூர்ப் புரட்சியை அடுத்துச் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட அதே பென்டிங்க்தான் இவர். அவர் தந்த நம்பிக்கையை லண்டன் மதிக்கவில்லை. பிரான்சுக்கு எதிராக ஆல்ப்ஸ் மலையடியில் வலுவான அரசொன்று வேண்டும் என்று கருதிய வெளியுறவு அமைச்சர் காசல்ரேயும் பிற வல்லரசுகளும், டூரினைத் தலைநகராகக் கொண்ட சார்டீனிய முடியரசிடம் நகரை ஒப்படைக்க முடிவுசெய்தனர். அம்முடியரசை ஆண்ட சவோய் குடும்பம் 1625இலும் 1672இலும் படைகொண்டு தாக்கியும் பெறமுடியாத நகரம் அது. வியன்னா மாநாட்டில் ஜெனோவாவின் தூதர் பிரின்யோலே சாலே எழுப்பிய எதிர்ப்பு எடுபடவில்லை. ஜிரோலமோ சேராவின் தற்காலிக அரசு பதவி விலக, 1815 ஜனவரியில் நகரம் கைமாறியது.

சுங்கமற்ற துறைமுக உரிமையும் பல்கலைக்கழகமும் உடன்படிக்கையில் காக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் 1820களில் காஸ்தெல்லெத்தோ குன்றில் மீண்டும் கட்டப்பட்ட கோட்டை நகருக்கு நேர்மேலே நின்றதால், அது யாரை அடக்க எழுந்தது என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரில் வளர்ந்த புதுத் தலைமுறையினர் பலர் மன்னரை ஏற்கவில்லை. பிரபுக்களின் பழைய குடியரசுக்காகவும் ஏங்கவில்லை. 1821இல் டூரினைச் சூழ்ந்த பீட்மாண்ட் பகுதியில் எழுந்த கிளர்ச்சி தோற்று, நாடுவிட்டு ஓடுவோருக்காக ஒருவர் ஜெனோவா வீதியில் கைக்குட்டையை ஏந்திப் பணம் திரட்டியதைத் தாயோடு நடந்துசென்ற சிறுவன் ஜுசெப்பே மாசினி கண்டான். இத்தாலி முழுவதையும் ஒரே குடியரசாக்கும் வேட்கைக்கு அதுவே தொடக்கம் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். துறைமுகத்துக்கு ஆசைப்பட்ட சவோய் குடும்பத்துக்கு, கேளாமலே கிடைத்த உடைமை மாசினி.

1849இல் ஆஸ்திரியாவிடம் மன்னர் தோற்றதும் ஜெனோவா கிளர்ந்தெழுந்தது. தளபதி லா மார்மோரா பீரங்கியால் அதை ஒடுக்கினார். ஆயினும் 1860 மே 5 இரவு, நகருக்கு அருகிலுள்ள குவார்த்தோவிலிருந்து இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் ஆயிரவர் படை சிசிலிக்கு ஏறிச் சென்றவை ஜெனோவா நிறுவனமொன்றின் இரு நீராவிக் கப்பல்களே. அவர்கள் வென்ற சிசிலி, சவோய் மன்னரின் முடிக்கே சேர்ந்தது. இத்தாலி குடியரசாக 1946 வாக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு புதிய அரசு நாட்டுப்பண்ணாக எடுத்துக்கொண்டது, ஜெனோவாவின் இளம் குடியரசுவாதி மமேலி இயற்றி 1847இல் அந்நகரிலேயே முழங்கிய பாடலை. அதற்குச் சட்ட ஏற்பு 2017இல்தான் கிட்டியது.