உங்களுக்குத் தெரியுமா? 'வெரி'யை விட்டால் வேறு வார்த்தை வரும்!

● ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்த நூற்றாண்டின் ஆங்கில எழுத்துகளை 200 கோடிச் சொற்களுக்கு மேல் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். அதில் நாலில் ஒரு பங்கை நிரப்பியவை வெறும் 10 சொற்கள்! 'த', 'பி', 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'எ', 'இன்', 'தட்', 'ஹேவ்', 'ஐ'. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' எல்லாம் 'பி'யின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, ஆங்கிலத்தில் கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ருசியெல்லாம் மீதியில்தான் இருக்கிறது.

● 'வெரி' என்ற சொல்லை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள். 'வெரி டயர்ட்' என்பதற்கு 'எக்ஸாஸ்டட்' இருக்கிறது. 'வெரி ஹங்ரி'க்கு 'ஸ்டார்விங்', 'வெரி கோல்ட்'டுக்கு 'ஃப்ரீஸிங்', 'வெரி ஆங்ரி'க்கு 'ஃபியூரியஸ்', 'வெரி ஸ்மால்' என்றால் 'டைனி'. ஒன்றுகூட அகராதியைப் புரட்டவைக்கும் சொல் இல்லை. லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் பேசுவதுதான். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. 'ஃபியூரியஸ்', 'ஃப்ரீஸிங்' போன்றவற்றுக்குள் 'மிக' ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதனால் 'வெரி ஃப்ரீஸிங்' என்றால் காதுக்கு இடறும். இன்னும் அழுத்த வேண்டுமென்றால் 'அப்ஸல்யூட்லி ஃப்ரீஸிங்' என்பார்கள். 'டைனி' மட்டும் விதிவிலக்கு. 'வெரி டைனி' என்று அவர்களே சொல்வதுண்டு. எல்லா விதிக்கும் ஓர் ஓட்டை வைக்காவிட்டால் அது ஆங்கிலமா?

● வெறும் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக்காட்டினார் சி.கே.ஆக்டன். 1930-இல் வந்த அந்தத் திட்டத்தின் பெயர் 'பேசிக் இங்கிலீஷ்'. வினைச்சொற்களுக்கு அவர் ஒதுக்கிய இடம் 18 மட்டுமே. 'எண்டர்' கிடையாது, 'கோ இன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வழி கேட்கவும் இயந்திரத்தை விளக்கவும் அது போதும். கோபத்தையும் கிண்டலையும் அதில் சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

● 50 சொற்களை மட்டும் வைத்து ஒரு குழந்தைகள் புத்தகம் எழுத முடியுமா என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பந்தயம் கட்டினார். டாக்டர் சூஸ் எழுதியே காட்டினார். 1960-இல் வெளிவந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' அதுதான். அந்த ஐம்பதில் 49 ஓரசைச் சொற்கள்.

● நடையில் எத்தனை நடை! காற்று வாங்க மெல்ல உலாவினால் 'ஸ்ட்ரோல்'. களைத்த காலை இழுத்து இழுத்து வைத்தால் 'ட்ரட்ஜ்'. நெஞ்சை நிமிர்த்தி எட்டி வைத்தால் 'ஸ்ட்ரைட்'. தள்ளாடினால் 'ஸ்டேகர்'. நொண்டினால் 'லிம்ப்'. தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் நுனிக்காலில் நகர்ந்தால் 'டிப்டோ'. கொழுத்த வாத்து அசைவதுபோல் நடந்தால் 'வாடில்'. 'வாக்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 'ஸ்லோலி' என்று ஒரு சொல்லைத் துணைக்கு நிறுத்துவதைவிட இந்த ஒற்றை வினைகள் எவ்வளவோ மேல்.

● சிரிப்பில் கவனம் தேவை. 'கிக்கிள்' குழந்தைத்தனமான களுக். 'சக்கிள்' தனக்குள் அடங்கிய சிரிப்பு. 'க்ரின்' வாயெல்லாம் பல். 'ஸ்மர்க்' மட்டும் வில்லங்கம்! 'நான் ஜெயித்தேன் பார்' என்கிற மிதப்புச் சிரிப்பு அது. மேலாளரின் புன்னகையை மின்னஞ்சலில் 'ஸ்மர்க்' என்று வர்ணித்துவிடாதீர்கள். 'சார்ட்டில்' என்ற சிரிப்போ ஒருவர் கற்பனையில் பிறந்தது. லூயிஸ் கரோல் 1871-இல் தன் கதையில் ஒரு கவிதைக்காக உருவாக்கிய சொல், இன்று சாதாரணமாகப் புழங்குகிறது.

● 'கிளிட்டர்', 'கிளீம்', 'கிளோ', 'கிளிம்மர்', 'கிளிஸன்'... எல்லாவற்றிலும் ஒளி. 'ஸ்னோர்', 'ஸ்னீஸ்', 'ஸ்னிஃப்', 'ஸ்னவுட்'... எல்லாமே மூக்கு. இப்படி ஒரே ஒலியில் தொடங்கி ஒரே பொருளைச் சுற்றும் சொற்கூட்டத்தை ஆராய்ந்து, அந்த ஒலிக்கு 1930-இல் ஒரு பெயரும் சூட்டியவர் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபிர்த். அதற்கு முன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். பளபள, மினுமினு, தகதக என்று இரட்டைக்கிளவியில் ஊறிய நமக்கு இந்தக் கூட்டத்தை நினைவில் வைப்பது சுலபம். 'கிளிட்டர்' என்றால் பளபள, 'கிளிம்மர்' என்றால் மினுக் மினுக். முடிந்தது வேலை.

● தேநீர் 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம், 'பவர்ஃபுல்'லாக இருக்கக் கூடாது. மழை 'ஹெவி'யாகப் பெய்யலாம், 'ஸ்ட்ராங்'காகப் பெய்யாது. ஏன்? காரணம் கேட்டுப் பயனில்லை, ஜோடிப் பழக்கம்தான். புதுச்சொல்லைத் தனியாகக் குறித்துவைக்காமல் அதன் ஜோடியோடு குறித்தால் பாதித் தவறு வராது.

● 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் 'மடத்தனமான' என்று அர்த்தம்!

● மாடு மேயும்போது 'கவ்', தட்டுக்கு வந்தால் 'பீஃப்'. பன்றியும் அப்படியே, 'பிக்' சமையலில் 'போர்க்' ஆகிவிடும். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் பிரெஞ்சு பேசினார்கள். மேய்த்தவன் சொல் ஆங்கிலத்திலேயே நிற்க, தின்றவன் சொல் பிரெஞ்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 'ஆஸ்க்' என்பதற்கும் 'இண்டராகேட்' என்பதற்கும் உள்ள தூரமும் இந்த வகைதான். முன்னது வீட்டுச் சொல். பின்னது லத்தீனிலிருந்து வந்து காவல் நிலையத்தில் குடியேறியது. நண்பரிடம் போய் எதையும் 'இண்டராகேட்' செய்யாதீர்கள்.

● எதையோ தேடப்போய் வேறொரு நல்லது தற்செயலாகக் கையில் சிக்குவதுதான் 'செரண்டிபிட்டி'. 1754-இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் படைத்த சொல். மூலம், பாரசீகக் கதையொன்றில் வரும் 'செரண்டிப்'. அது நம் பக்கத்து இலங்கையின் பழைய பெயர்.

● அகராதி துணையில்லாமல் ஆங்கில நாவலோ செய்தித்தாளோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் கணக்கிட்டார் நியூசிலாந்தின் பால் நேஷன். காதால் கேட்டுப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதுமாம். குடும்பம் என்றால் 'ஹேப்பி', 'ஹேப்பினஸ்', 'அன்ஹேப்பி' மூன்றும் சேர்ந்து ஒன்று. பயப்படாதீர்கள்.

● படித்தது மறக்கிறதா? செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன அட்டைப்பெட்டி முறை இன்னும் ஓடுகிறது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. பெட்டியில் சில அறைகள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும். தவறினால் மீண்டும் முதல் அறைக்கே வரும். முதல் அறையை அடிக்கடி புரட்ட வேண்டும், கடைசி அறையை எப்போதாவது. கைப்பேசியில் சொல் பழக்கும் செயலிகள் பலவும் இந்தக் கணக்கின் வாரிசுகளே.

● கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரிபோன்' இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் உண்டு. தாராளமாகச் சொல்லலாம். எதிரே இருக்கும் அமெரிக்கர் விழித்தால் 'மூவ் அப்' என்றும், பிரிட்டிஷ்காரர் விழித்தால் 'பிரிங் ஃபார்வர்ட்' என்றும் மாற்றிச் சொல்லுங்கள்.